ஏழு கிணறு, இரண்டு முட்டை

முதல் சனிக்கிழமை கோட்டைக்குள் மான் பார்க்கப் போனேன்.
ஐஸ்கிரீமுக்குச் சில்லறை தேடிய நேரத்தில்
தோள்பையிலிருந்து நாடிப் பாடக் குறிப்பை
ஒரு பெட்டை மான் உருவிக்கொண்டது.
வாதம் முழுவதும் போயிற்று.
பித்தத்தில் பாதி.
கபம் மட்டும் எச்சிலோடு திரும்பக் கிடைத்தது.
திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் சொன்னேன்.
"மானுக்கு என்ன நாடி?" என்றார், சிரிக்காமல்.

இரண்டாவது சனி புறாத்தீவு.
ஒரு செருப்பு கடலோடு போனதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.
அது போன விதம்தான்.
கரை தட்டியதும் படகுக்காரர்
"ஆறுதலா இறங்குங்கோ தங்கச்சி" என்றார்.
எங்கள் சுங்கை சிப்புட்டில் ஆறுதல்
சாவு வீட்டில் சொல்லும் சொல்.
ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் படகில்,
"ஐயோ, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.
எனக்குப் பின்னால் எட்டுப் பேர் வெயிலில்.
அப்போது வந்த அலைக்கு என் செருப்பு பிடித்திருந்தது.

அறைத்தோழி றிஸ்மியா மூதூர்க்காரி.
அன்றிரவு கட்டிலில் புரண்டு சிரித்து முடித்தபின்
வகுப்பு எடுத்தாள்:
ஆறுதலா என்றால் மெதுவாக.
கெதியா என்றால் வேகமாக.
வெளிக்கிட்டாச்சு என்றால் இன்னும் குளிக்கவில்லை.
பதிலுக்கு எங்கள் "பசியாறிட்டியா"வைக் கொடுத்தேன்.
"அதுக்கு முதல் பசி கொதிச்சதா?" என்றாள்.

கன்னியா வெந்நீரில் முட்டை அவியும் என்றதும் அவள்தான்.
மூன்றாவது சனி
இரண்டு முட்டை, ஒரு கைக்குட்டை,
காகிதத்தில் மடித்த உப்பு.
அநுராதபுரம் பஸ்ஸில் நடத்துநர் என்னை மறந்துவிட்டு
இரண்டு கட்டை தள்ளி இறக்கினார்.
கட்டை எங்களுக்கும் கட்டைதான்.
அந்தச் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்,
புதுச் செருப்புக் கடிக்க.

சீட்டுக் கூண்டில், வாய் திறக்கும் வரை
நான் உள்ளூர்ப் பெண்.
"அண்ணே, ஒரு டிக்கெட் கொடுங்களேன்" என்றதும்
"எந்த நாடு?" என்றார்.
விலை பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டது.

எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற
ஏழு சதுரக் கிணறுகள்.
ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பார்த்து
அதிகம் சுட்டதில் முட்டைகளை முடிந்து இறக்கினேன்.
கால் மணி நேரம்.
பிள்ளைக் குளிப்பாட்டலாம் அந்தத் தண்ணீரில்.
முட்டை வேகாது.

அவர்கள் வந்ததை அப்போதுதான் கவனித்தேன்.
ஈர வேட்டியோடு ஆறேழு ஆண்கள்,
ஒரு வேன், தர்ப்பை, வாழையிலைத் துண்டு.
என் வயதுப் பையன் ஒருவன், தலை மழித்திருந்தான்,
மழித்த இடம் முகத்தைவிட வெளுப்பாக.
"முப்பத்தொண்டு" என்றார் யாரோ யாரிடமோ.

அவசரமாகக் கைக்குட்டையை இழுத்தேன்.
முடிச்சு அவிழ்ந்தது.
ஒரு முட்டை கட்டில் விழுந்து உடைந்து
மஞ்சள் கரு கல்லின் சரிவில் மெல்ல இறங்கியது,
கிணற்றை நோக்கி,
எல்லோரும் பார்க்க.

அவன் எதுவும் சொல்லவில்லை.
தனக்கென்று மொண்ட வாளியை
மஞ்சள்மேல் ஊற்றினான், வெளிப்பக்கமாக.
இன்னொரு வாளி மொண்டு
என் கையைக் காட்டச் சொல்லித் தலையசைத்தான்.
அவன் கை நடுங்கியதா, வாளி கனமா, தெரியாது,
தண்ணீர் என் சட்டையெல்லாம் சிதறியது.

"ஆறுதலா..." என்றேன்.

அதற்குமேல் வரவில்லை.
எந்த ஊர்த் தமிழில் சொன்னேன் என்று
எனக்கே இன்னும் பிடிபடவில்லை.
"ஓம்" என்றான் அவன்,
மிச்சத்தை மெதுவாக ஊற்றினான்.

மற்ற முட்டையை றிஸ்மியா இரவு பொரித்தாள்.
"அவிஞ்சதா?" என்று கேட்டாள்.
"இல்லை" என்றேன்.
உப்பு போதவில்லை என்று இருவரும் குறை சொன்னோம்.
உப்பு என் பையில்தான் இருந்தது,
நனைந்து, காகிதத்தோடு ஒட்டி.